பழைய கேம்பர் வேனில் எஞ்சின் சூடேறினால்: அறிகுறி வழியே காரணம் காணுதல்

கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூடுதல் பேட்டரி என்று எல்லாவற்றையும் ஏற்றிக் கேம்பராக மாற்றிய பழைய டெம்போ டிராவலரோ ஆம்னியோ சித்திரை வெயிலில் ஆவி கக்கிக்கொண்டு சாலையோரம் நின்றால், அருகில் வருபவர்கள் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். எஞ்சின் சூடாகும்வரை நீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்வார் ஒருவர். ஃபேனுக்கு நேரடியாக ஒயர் கொடுக்கச் சொல்வார் இன்னொருவர். ரேடியேட்டரையே மாற்றிவிடச் சொல்வார் மூன்றாமவர். இவற்றில் ஏதாவது ஒன்று சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் எதையும் கழற்றுவதற்கு முன் விடை தேட வேண்டிய கேள்வி, சூடு எந்த நேரத்தில் ஏறுகிறது என்பதுதான். நின்றுகொண்டிருக்கும்போதா, வேகமாக ஓடும்போதா, கிளப்பிய சில நிமிடங்களிலா, மேடு ஏறும்போதா, அணைத்த பிறகா என்று பிரித்துக்கொண்டால் பாதிக் காரணங்கள் தாமாகவே விலகிவிடும். கீழே உள்ளவை அந்தப் பிரிவுகளை ஒட்டியே அமைந்திருக்கின்றன. இவை அனைத்தும் தண்ணீரால் குளிரும் எஞ்சின்களுக்கு உரியவை.

முள் சிவப்புக்குப் போன அந்த நிமிடத்தில்

ஏசியை உடனே அணைத்து, வேகத்தைக் குறைத்து, நிழல் கிடைக்கும் இடத்தில் ஓரங்கட்ட வேண்டும். வண்டியில் ஹீட்டர் இருந்தால் அதை முழுச் சூட்டில், முழுக் காற்றில் திறந்துவிடலாம். உள்ளே இருப்பவர்களுக்கு அது தண்டனையாக இருந்தாலும் எஞ்சினுக்கு அது இரண்டாவது சிறிய ரேடியேட்டராக உதவும். முள் மட்டும் ஏறியிருந்து, ஆவியோ ஒழுக்கோ இல்லாவிட்டால், ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டுச் சூடு இறங்குகிறதா என்று பார்க்கலாம். ஆவி வந்தாலோ, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் கொட்டினாலோ, ஆயில் விளக்கு எரிந்தாலோ அந்தக் காத்திருப்புக்கு இடமில்லை. எஞ்சினை அப்போதே நிறுத்திவிட வேண்டும்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறப்பது கையையும் முகத்தையும் வேகவைத்துக்கொள்ளும் வழி. 0.9 பார் என்று பொறித்த மூடிக்கு அடியில் வெறுந்தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் தளர்த்தியதும் அழுத்தம் போய், அந்த நீர் முழுவதும் ஒரே நொடியில் கொதித்து மேலே பாயும். எஞ்சினையும் ரேடியேட்டரையும் இணைக்கும் மேல் ஹோசைக் கையால் அமுக்கினால் எளிதாக அமுங்கும் நிலை வரும்வரை, அதாவது முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ, காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் தடித்த துணியை மேலே போட்டு, முதல் தடுப்பு வரை மட்டும் திருகி, மிச்சமிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே முழுவதும் திறக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கோ, அதன் மேல்மூடியான ஹெட்டோ விரிசல் விடக்கூடும் என்பதால், சூடு தணிந்த பிறகே நீரைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும்.

முள் காட்டுவது மெய்தானா

இருபது ஆண்டு பழைய வண்டியின் மீட்டரை நம்பி ஹெட்டைக் கழற்றுபவர்கள் இருக்கிறார்கள். சாவியைப் போட்ட உடனேயே, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, முள் சிவப்பைத் தொட்டால் குற்றம் பெரும்பாலும் ஒயரில்தான் இருக்கும். இந்தப் பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில், சென்சாருக்குப் போகும் ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் முள் உச்சிக்குப் போகும். கழன்று தொங்கினால் அடியிலேயே கிடக்கும். கடைகளில் கிடைக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கி, தெர்மோஸ்டாட் பொருத்தியிருக்கும் உறையின் மீது காட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பளபளக்கும் உலோகத்தின் மேல் அந்தக் கருவி குறைத்துக் காட்டும் என்பதால், அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் அளப்பது நல்லது.

இதற்கு நேர்மாறான ஒன்றுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். ஏறிக்கொண்டே இருந்த முள் திடீரென்று விழுந்து குளிர் எனக் காட்டினால், வண்டி தானாகச் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. சென்சாரைச் சூழ்ந்திருந்த நீரே காலியாகி அது நீரில்லாத இடத்தில் நிற்கிறது என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். அந்த நிலையில் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் எஞ்சினுக்குக் கேடு.

நின்றால் சூடு, ஓடினால் சரி

சதுர்த்தியன்று பிள்ளையார்பட்டி நெரிசலில் ஊரும்போது முள் ஏறி, கூட்டம் விலகி வேகம் எடுத்ததும் இறங்கிவிடுகிறதென்றால், ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் அப்போதைக்கு விட்டுவிட்டு ஃபேனைப் பார்க்கலாம். வேகத்தில் காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகும். நிற்கும்போது ஃபேன்தான் அதை இழுத்தாக வேண்டும்.

மின் ஃபேன் உள்ள வண்டியில் முதலில் ஃபியூசையும் ரிலேயையும், பிறகு ஃபேன் சுவிட்சையும் பார்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்தால் ஃபேன் சுற்றுகிறது, சுவிட்ச் வழியே மட்டும் சுற்றவில்லை என்றால் மோட்டார் நல்லதுதான். யாரோ ஒருவர் ஒயரை மாற்றிப் பொருத்தி, ஃபேன் எதிர்த்திசையில் சுற்றிக் காற்றை முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும் வண்டிகளும் உண்டு. ஒரு தாளை முன் கிரில்லின் மேல் வைத்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும், பறக்கக் கூடாது. சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் மின் ஃபேன் தானாகக் கிளம்பும் என்பதால், பேட்டரி ஒயரைக் கழற்றாமல் அதன் அருகே விரலைக் கொண்டுபோகக் கூடாது.

சிலிக்கான் ஆயில் நிரப்பிய கிளட்ச் வழியே சுற்றும் ஃபேனாக இருந்தால், எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் அதை நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கனமாக, ஒட்டுதலோடு நகர்ந்தால் நல்லது. தட்டிவிட்டதும் பல சுற்று தானே சுற்றினாலோ, கிளட்சின் நடுவில் எண்ணெய்க் கசிவு அழுக்கோடு படிந்திருந்தாலோ அதை மாற்றியே ஆக வேண்டும். ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு உடைந்தோ கழற்றியோ போயிருந்தால், ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கவாட்டிலிருந்து சுலபமாகக் கிடைக்கும் சூடான காற்றையே இழுத்துக்கொண்டிருக்கும். பழைய வண்டி வாங்குபவர்கள் இந்தக் கூடு இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை.

ஊருக்குள் சரி, நேர்சாலையில் சூடு

திருச்சியிலிருந்து இராமநாதபுரம் போகும் சாலையில் புதுக்கோட்டையைத் தாண்டி எண்பதில் பிடித்து வரும்போது, திருமயம் கோட்டை கண்ணில் படும் நேரத்தில் முள் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கி, வேகத்தை அறுபதாகக் குறைத்தால் இறங்கிவிடும் வண்டியில் ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை. எஞ்சின் உண்டாக்கும் வெப்பத்தை ரேடியேட்டரால் வெளியேற்ற முடியவில்லை. நம் செட்டிநாட்டுப் பகுதியில் மிக அதிகமாகக் காணப்படும் கோளாறும் இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

முதலில் வெளிப்புறம். அறுவடைக் காலத்தில் சாலையில் காயும் வைக்கோலின் தூசியும், பூச்சியும், செம்மண்ணும் ரேடியேட்டரின் மெல்லிய இதழ்களுக்கு இடையே அடைத்துக்கொள்ளும். ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் வண்டிகளில் அழுக்கு இரண்டுக்கும் நடுவில் சேர்வதால் முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாகவே தெரியும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்புறமாக, மிதமான அழுத்தத்தில் நீர் அடிக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை அருகில் வைத்து அடித்தால் இதழ்கள் மடிந்து உள்ள வழியும் அடைபடும். கேம்பராக மாற்றியவர்கள் கிரில்லுக்குக் கொசுவலை கட்டியிருந்தாலோ, பனிமூட்ட விளக்குகளை வரிசையாக மாட்டியிருந்தாலோ அவற்றைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றும் மாலையும் காய்ந்து சருகான பிறகும் கிரில்லை மூடிக்கொண்டிருப்பதை நம் ஊரில் எத்தனையோ வண்டியில் பார்க்கலாம். சாமிக்குச் செய்த மரியாதைக்கு எஞ்சின் விலை கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது உட்புறம். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் உப்பு, நீர் சூடாகச் சூடாகக் கரைந்திருக்க முடியாமல் பிரிந்து, எங்கே சூடு அதிகமோ அங்கேயே படியும். வெந்நீர் போடும் பானையின் அடியில் படியும் அதே வெள்ளைக் காரைதான் சிலிண்டரைச் சுற்றிய நீர்ப்பாதையிலும் ரேடியேட்டரின் குழாய்களிலும் படிந்து, ஒரு பக்கம் வெப்பம் கடப்பதைத் தடுக்கிறது, மறுபக்கம் குழாயையே குறுக்குகிறது. மெதுவாகப் போகும்போது மிச்சமிருக்கும் குழாய்கள் சமாளித்துவிடும். வேகத்தில் அவை போதாது. இதைக் கண்டறிய, எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது வெப்பமானியை ரேடியேட்டரின் முகம் முழுவதும் கட்டம் கட்டமாக நகர்த்தினால் போதும். வெப்பம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அங்கே நீர் ஓடவில்லை. செம்பு, பித்தளையால் ஆன பழைய ரேடியேட்டராக இருந்தால், ரேடியேட்டர் பட்டறையில் தொட்டியின் ஈயப் பற்றைப் பிரித்து, குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மறுபடி பற்றவைத்துத் தருவார்கள். பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியக் குழாயும் உள்ளதாக இருந்தால் அந்த வேலைக்கு இடமில்லை, மாற்றுவதே சிக்கனம்.

“இங்கே என்ன பனியா உறையப் போகிறது, கூலண்ட் எதற்கு?” என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், செம்பு ரேடியேட்டர் ஆகிய மூன்றையும் உப்புள்ள ஒரே நீர் தொட்டுக்கொண்டிருந்தால் அரிமானம் வேகமாக நடக்கும். கூலண்டில் உள்ள தடுப்பு மருந்துதான் அதை அடக்குகிறது. 1948 இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953 இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாம் சிக்ரி என்று சொல்வது, உலோக அரிமானத்தைத் தன் முக்கிய ஆய்வுத் துறைகளில் ஒன்றாகக் கொண்டு காரைக்குடியிலேயே நிற்கிறது. அதன் மதிலை ஒட்டிப் போகும் வேன்களின் ரேடியேட்டரைத் திறந்தால் செங்காவி நிறத்தில் துருத் தண்ணீர் நிற்கிறது. முப்பதிலிருந்து ஐம்பது விழுக்காடு வரை கூலண்டும், மிச்சத்துக்கு உப்பு நீக்கிய பேட்டரித் தண்ணீரும் கலப்பதே முறை. உறைபனி இல்லாத நம் பகுதியில் ஐம்பதுக்கு மேல் போகத் தேவையில்லை. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் தண்ணீர் அளவுக்கு வெப்பத்தைச் சுமக்காது. அவசரத்துக்குப் பேட்டரித் தண்ணீர் கிடைக்காவிட்டால், முற்றத்து அண்டாவில் பிடித்து வைத்த மழைநீரைத் துணியில் வடிகட்டி ஊற்றுவது போர் தண்ணீரை ஊற்றுவதைவிட எவ்வளவோ மேல். பச்சை, சிவப்பு என்ற நிறத்தை மட்டும் பார்த்து இரண்டு கூலண்டுகளைக் கலக்கக் கூடாது. வடித்த பழைய கூலண்டை ஊரணிப் பக்கமோ வாய்க்காலிலோ கொட்டவும் கூடாது. அது இனிப்பாக இருக்கும் நஞ்சு, நாயும் ஆடும் நக்கினால் இறந்துவிடும்.

வேகத்தில் மட்டும் சூடேறுவதற்கு இன்னொரு காரணம் கீழ் ஹோசில் இருக்கிறது. வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. உள்ளே இருக்க வேண்டிய சுருள் கம்பி துருப்பிடித்துப் போய் ரப்பரும் தளர்ந்திருந்தால், எஞ்சின் வேகம் கூடும்போது ஹோஸ் வயிறு ஒட்டிச் சப்பையாகி நீரோட்டத்தை நிறுத்திவிடும். நியூட்ரலில் ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க, மற்றவர் எட்டி நின்று டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கிளப்பிய சில நிமிடங்களிலேயே சூடு

மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோசும் ரேடியேட்டரும் குளிர்ந்தே இருந்தால் நீர் ரேடியேட்டருக்குள் ஓடவில்லை. மேல் ஹோசும் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் திறக்காமல் நிற்கிறது, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது.

தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது எளிது. அதைக் கழற்றி, நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் வைத்துச் சூடுபடுத்த வேண்டும். அதன் மேல் 82 என்றோ 88 என்றோ பொறித்திருக்கும் அளவை ஒட்டி வாய் திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முழுவதும் திறந்திருக்க வேண்டும். நீர் ஆறும்போது இடைவெளியின்றி மூடவும் வேண்டும். இதற்கு ஆச்சியின் பால் சட்டியை எடுத்துவிட வேண்டாம். கூலண்ட் பட்ட பாத்திரத்தில் பிறகு சமைக்கக் கூடாது. புதிதாகப் பொருத்தும்போது, காற்று வெளியேறுவதற்கான சிறிய ஆடும் ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும்.

கெட்டுப்போனதைக் கழற்றிவிட்டுப் புதியது போடாமலேயே ஓட்டுவது நம் பட்டறைகளில் ஊறிப்போன வழக்கம். “நம்ம ஊர் வெயிலுக்கு இது வேண்டாம்ணே” என்று சொல்லித் தூக்கிப் போடுவார்கள். ஊர் போய்ச் சேர ஒரு நாள் அப்படி ஓட்டலாம்; நிரந்தரமாக அப்படி விடுவதை நான் ஏற்கமாட்டேன். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் முழுவதும் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். அது இல்லாவிட்டால் சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலேயே எஞ்சினுக்குத் திரும்பி, வேகத்தில் முன்னைவிடச் சூடாகும். மற்ற எஞ்சின்களிலோ டீசல் எப்போதும் குளிர்ந்தே ஓடி, எரிபொருளைக் கூடுதலாகத் தின்று, சிலிண்டரும் ரிங்கும் தேயும்.

காற்று அடைப்பு பெரும்பாலும் கூலண்ட் மாற்றிய மறுநாள் வரும். எஞ்சின் இருக்கைக்கு அடியில் அமர்ந்த வேன்களிலும், பின்பக்கத்துக்கு நீண்ட குழாய் ஓடும் வேன்களிலும் இது பிடிவாதமானது. ரேடியேட்டரின் வாய் மற்றெல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்கும்படி வண்டியின் முன்பக்கம் மேல்நோக்கி நிற்க வேண்டும். செட்டிநாட்டுச் சமதளத்தில் மேட்டுக்கு எங்கே போவது என்றால், கண்மாய்க் கரைக்கு ஏறும் சரிவு போதும். கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல்லும் கொடுத்துக்கொள்ள வேண்டும். மூடியைத் திறந்து வைத்து, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, காற்று எடுக்கும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி நின்று நீர் மட்டும் வரும்வரை சிறுகச் சிறுக நிரப்ப வேண்டும்.

ஒழுக்கு தெரியவில்லை, நீர் மட்டும் குறைகிறது

முதல் சந்தேகம் மூடியின் மேல் விழட்டும். எல்லாவற்றிலும் விலை குறைந்த பாகம் அதுதான். ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காமல், கூலண்ட் ஓட ஓட வெளியேறும். எஞ்சின் ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கொண்டிருந்தால் மூடியின் உள்வால்வு திறந்து நீரைத் திரும்ப உறிஞ்சவில்லை. அணைத்தபின் கூலண்ட் டப்பா பொங்குவதற்கும் பல நேரம் கெட்டுப்போன மூடியே காரணம். அடுத்து வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையைப் பார்க்க வேண்டும். அங்கே வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த கோடு இருந்தால் பம்பின் சீல் போய்விட்டது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் நீர் குறைந்தால், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டை நினைத்துத்தான் ஆக வேண்டும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்தில், சூடேறும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது. திறந்த ரேடியேட்டர் வாயில் ஓயாமல் குமிழி வருவது. வண்டி சூடேறிய பின்னும் சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை தொடர்வது. ஆயில் குச்சியில் பால் கலந்த டீயின் நிறம் தெரிவது: இவற்றில் இரண்டு சேர்ந்தால் ஐயம் வலுக்கிறது. ஆயில் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்மை தெரிந்தால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஈரம் படிந்தும் அப்படி வரும். ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை நீல நிறத் திரவத்தின் வழியே இழுக்கும் சோதனைக் கருவி சில பட்டறைகளில் இருக்கிறது. புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறிவிடும். ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூட ஒப்புக்கொள்ள வேண்டாம். லேத்துப் பட்டறையில் ஹெட் வளைந்திருக்கிறதா, விரிசல் உண்டா என்று பார்த்து, தேவையானால் முகத்தைச் சமன் செய்த பிறகே பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் அதே வேலை சில மாதங்களில் திரும்பவும் வரும்.

மேடு ஏறும்போது மட்டும்

நம் சமதளத்தில் ஆண்டு முழுதும் அடங்கியிருந்த வண்டி, நத்தம் வழியாகப் போய்ச் சிறுமலை வளைவுகளில் ஏறும்போது கொதித்தால், முதலில் சுமையைக் கணக்குப் பார்க்க வேண்டும். அறுபது லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்பது அறுபது கிலோ. அதோடு பலகை, பேட்டரி, மேல் ஏசி எல்லாம் சேர்ந்து, வண்டி எப்போதும் ஆள் நிறைந்ததாகவே ஓடுகிறது. உயர்ந்த கியரில் எஞ்சினை முனக வைக்காமல், ஒரு கியர் குறைத்து ஃபேனும் பம்பும் வேகமாகச் சுற்றும்படி ஏற வேண்டும். இறங்கி நின்று நான்கு சக்கரங்களையும் வெப்பமானியால் பார்த்து, ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்தபடி ஓடியிருக்கிறது என்று அறியலாம். எஞ்சின் பெட்டியைச் சுற்றிச் சத்தத்துக்காக ஒட்டிய கம்பளமும் பிளைவுட்டும் சூடான காற்று வெளியேறும் வழியை அடைத்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உள்வேலை செய்யும் தச்சருக்கு அது காற்று வழி என்று தெரிந்திருக்காது. பெட்ரோல் வண்டியில் தீப்பொறி விழும் நேரமான டைமிங் பின்தங்கியிருப்பதும், கேஸ் கிட் பொருத்திய ஆம்னியில் காற்றோடு சேரும் எரிவாயு குறைந்து கலவை மெலிந்திருப்பதும் மீதியுள்ள காரணங்கள்.

பழுது நீக்கிய பிறகு, பிற்பகல் வெயிலில், தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, ஏசியையும் போட்டுக்கொண்டு தேவகோட்டை வரை போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். மறுநாள் காலை எஞ்சின் முழுவதும் ஆறியபின் ரேடியேட்டர் மூடியையே திறந்து மட்டம் பார்க்க வேண்டும். டப்பாவின் கோட்டை மட்டும் நம்பக் கூடாது. மட்டம் இறங்கியிருந்தால் நிரப்பிவிட்டு அடுத்த சில நாள் காலையிலும் பார்க்கவும், அதன் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் கேஸ்கெட் சோதனைக்குத் திரும்பவும்.